28 லட்சம் கட்டினால் கோ-பைலட் இருக்கை கிடைக்குமா?

சி.பி.எல்., அதாவது வணிக விமானி உரிமம், கைக்கு வந்து பதினொரு மாதம் ஆகிறது, 215 மணி நேரம் பறந்திருக்கிறேன், எந்த விமான நிறுவனமும் கூப்பிடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது ஒரு பயிற்சி நிறுவனம் உங்களிடம் 28 லட்சம் ரூபாய் கேட்கிறது. அதற்கு ஏர்பஸ் ஏ320 விமானத்தை ஓட்டும் தகுதியான டைப் ரேட்டிங்கும், வெளிநாட்டு விமான நிறுவனம் ஒன்றின் பயணிகள் விமானத்தில் 300 மணி நேர லைன் டிரெய்னிங்கும், அதாவது பயணிகளோடு பறந்தே பெறும் பயிற்சியும், தருகிறதாம். ஏற்கெனவே 40 லட்சம் கல்விக் கடன் இருக்கிறது. இதற்கும் சேர்த்துக் கரூர் வீட்டை அடமானம் வைக்க அப்பா தயார். கட்டலாமா என்பது உங்கள் கேள்வி.

கட்டாதீர்கள், தம்பி.

ஏன் என்பதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 'சொந்தக் காசில் பயிற்சி' என்ற ஒரே பெயரில் வெவ்வேறு சரக்குகள் விற்பனையாகின்றன. அவற்றில் ஒன்றுக்கு நானே சரி என்று சொல்லியிருப்பேன். உங்களுக்கு வந்திருப்பது வேறு ரகம்.

முதலில் என் கதை. 2008இல் நானும் உங்கள் நிலையில்தான் இருந்தேன். விமானி கிடைக்காமல் நிறுவனங்கள் தவிக்கின்றன என்று செய்தித்தாள்கள் தினமும் எழுதிக்கொண்டிருந்த காலம். ஒரு இடைத்தரகர் நிறுவனம் என்னையும் இன்னும் ஏழு பேரையும் வெளிநாட்டுக்கு அனுப்பி ஏ320 டைப் ரேட்டிங் முடிக்க வைத்தது. பகல் நேரச் சிமுலேட்டரெல்லாம் (விமானி அறையைப் போலவே தரையில் அமைத்த பயிற்சி இயந்திரம்) பெரிய நிறுவனங்களின் விமானிகளுக்குப் போய்விடும். எங்களுக்கு நள்ளிரவு இரண்டு மணி முதல் ஆறு மணி வரை. பயிற்றுநர் தேநீர்க் கோப்பையோடு பின்னால் உட்கார்ந்து, ஓடுபாதையில் வேகம் பிடிக்கும்போது ஒரு இன்ஜினை அணைப்பார். ஒரு கால் திசை திருப்பும் ரடரை மிதித்து நிற்க, கண்ணில் தூக்கம் எரிய, விமானத்தை நேராக வைத்திருக்கப் போராடுவோம். பத்துப் பன்னிரண்டு இரவுகள். முடிவில் ஒரு தேர்வு, ஒரு சான்றிதழ். அந்த ஆண்டு அக்டோபரில் ஊர் திரும்பியபோது ஜெட் ஏர்வேஸ் ஒரே வாரத்தில் 1,900 ஊழியர்களை வீட்டுக்கு அனுப்புவதாக அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கிக்கொண்டிருந்தது. புதிதாக யாரையும் எடுக்கும் மனநிலையில் எந்த நிறுவனமும் இல்லை. தரகர் நிறுவனம் தொலைபேசியை எடுப்பதை நிறுத்தியது.

பிறகு இரண்டரை ஆண்டுகள் ஒரு பறக்கும் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தேன். கடைசியில் வேலை கிடைத்தபோது எனக்குக் கிடைத்தது ஏ.டி.ஆர். விமானம், அதாவது புரொப்பெல்லர் சுழலும் சிறிய விமானம். காசு கொடுத்து வாங்கிய ஏ320 சான்றிதழை அங்கே யாரும் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து நிறுவனம் என்னை ஏ320க்கு மாற்றியது. தன் செலவில், முதல் பாடத்திலிருந்து மறுபடி படிக்க வைத்தது. இப்போது நான் ஏ320 கேப்டன். உங்களைப் போன்ற புதியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து லைன் டிரெய்னிங் தருவதும் என் வேலை. ஆகவே கடையின் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும்.

டைப் ரேட்டிங் என்பது ஒரு குறிப்பிட்ட விமான வகையை ஓட்டுவதற்கான தகுதி. ஏ319, ஏ320, ஏ321 மூன்றுக்கும் ஒரே தகுதி போதும். ஆனால் அதை வைத்து போயிங் 737ஐத் தொட முடியாது, ஏ.டி.ஆரையும் தொட முடியாது. நம் நாட்டில் இண்டிகோவும் ஏர் இந்தியாவும் ஏ320 குடும்பத்தை நிறைய ஓட்டுகின்றன. ஆகாசாவும் ஸ்பைஸ்ஜெட்டும் 737. அலையன்ஸ் ஏர், ஃப்ளை91 போன்றவை ஏ.டி.ஆர். எந்த நிறுவனம் உங்களை எடுக்கப் போகிறது என்று தெரியாமல் டைப் ரேட்டிங் வாங்குவது, பெண் யாரென்று தெரியாமல் ரவிக்கை தைப்பது போன்றது.

இன்னொன்று, இந்தச் சரக்கு கெட்டுப்போகும். பட்டப் படிப்புச் சான்றிதழை முப்பது ஆண்டு பெட்டியில் வைத்திருந்தாலும் அது பட்டம்தான். டைப் ரேட்டிங் அப்படியில்லை. ஐரோப்பிய விதிகளில் அதன் ஆயுள் ஓராண்டு. இங்கே விமான நிறுவனங்களில் பறக்கும் நாங்களே ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டரில் சோதனை கொடுத்தால்தான் தொடர்ந்து பறக்க முடியும். வேலை இல்லாதவர் அந்தச் சோதனைக்கும் சொந்தக் காசைத்தான் கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாதவரின் தகுதி காலாவதியாகிறது, வாங்கிய கடன் மட்டும் காலாவதியாவதில்லை.

விளம்பரத்தில் சிறிய எழுத்தில்கூடப் போடாத ஒரு விஷயம் இருக்கிறது. உங்களைப் போன்ற 200 மணி நேர விமானிக்குச் சிமுலேட்டர் மட்டும் போதாது. உண்மையான விமானத்தில், பயணிகள் இல்லாமல், சில தடவை ஏறி இறங்கிக் காட்ட வேண்டும். இதற்குப் பேஸ் டிரெய்னிங் என்று பெயர். அனுபவமுள்ள விமானிகளுக்குத்தான் இதிலிருந்து விலக்கு. ஏ320 ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய இரண்டரை டன் எரிபொருள் குடிக்கும். அந்த விமானம் விமான நிறுவனத்திடம் இருக்கும். பயிற்சி நிறுவனத்திடம் இருப்பது சிமுலேட்டர். '28 லட்சத்தில் பேஸ் டிரெய்னிங் அடங்குமா, எந்த விமானத்தில், எந்த விமான நிலையத்தில்' என்று கேட்டுப் பாருங்கள். பதில் வர எத்தனை நாள் ஆகிறது என்பதே உங்களுக்குப் பாதி விடை.

அந்தப் பேஸ் டிரெய்னிங்கில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். முக்கால் டன் செஸ்னாவை இறக்கிப் பழகிய பிள்ளை முதல் தடவையாக ஐம்பது டன்னுக்கு மேல் எடையுள்ள விமானத்தை ஓடுபாதைக்குக் கொண்டுவருகிறான். ரேடியோ ஆல்டிமீட்டர் உயரத்தைக் குரலில் சொல்லும்: ஐம்பது, நாற்பது, முப்பது. முப்பதில் மூக்கைத் தூக்கத் தொடங்க வேண்டும். சிமுலேட்டரில் நூறு தடவை செய்திருப்பான். ஆனால் அங்கே ஜன்னலுக்கு வெளியே இருந்தது படம், இங்கே இருப்பது தரை. அது தன்னை நோக்கி வருவதைப் பார்த்ததும் கை உறைந்துவிடும், இல்லாவிட்டால் பதறி முன்கூட்டியே இழுத்துவிடும். இருபது என்று குரல் வரும்போது என் கை விமானத்தை இயக்கும் பக்கக் கோலின் மேல் போய்விட்டிருக்கும். மூன்றாவது, நான்காவது தடவையில்தான் அவன் தோள் இறங்கும். இந்தப் பிள்ளையைப் பயணிகளோடு பறக்க வைக்க எனக்கு இன்னும் சில மாதங்கள் தேவை. தொடக்கத்தில் பின் இருக்கையில் இன்னொரு தகுதி பெற்ற விமானி பாதுகாப்புக்காக உட்கார்ந்திருப்பார். ஒரு புதியவரை உருவாக்க ஒரு நிறுவனம் எவ்வளவு ஆள், எவ்வளவு நேரம் செலவிடுகிறது என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

விமானிப் பஞ்சம் என்று செய்தி வந்தும் உங்களுக்கு அழைப்பு வராததன் காரணம் இதில்தான் இருக்கிறது. 2023இல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. அதே ஆண்டு விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ. 1,622 சி.பி.எல். வழங்கியது, முந்தைய ஆண்டு 1,165. ஆர்டர் கொடுத்த விமானம் வந்து சேரப் பல ஆண்டுகள் ஆகும். வந்த விமானங்களிலும் பல, பிராட் அண்டு விட்னி இன்ஜின் கோளாறால் தரையில் நின்றன. நிறுவனங்களுக்கு உண்மையில் பஞ்சம் கேப்டன்களுக்கும் பயிற்சி கேப்டன்களுக்கும்தான். 200 மணி நேரக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். இதற்கிடையே ஒரு நிறுவனம் மூடினால், அதில் பறந்துகொண்டிருந்தவர்கள் உங்களுக்கு முன்னால் வந்து நிற்பார்கள். 2012இல் கிங்ஃபிஷர், 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ், 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட். மூன்று தடவையும் ஆயிரம் இரண்டாயிரம் மணி நேரம் பறந்தவர்கள் புதியவர்களின் வரிசையில் முன்னால் வந்து நின்றதை நேரில் பார்த்தேன்.

இனி, சரக்கு ரகங்கள்.

நிறுவனமே பணம் போட்டுப் பயிற்சி தந்து, சில ஆண்டுகள் வேலை செய்வதாகப் பத்திரம் எழுதி வாங்குவது ஒரு வகை. பழைய முறை இதுதான். இந்தியாவில் அருகிவிட்டது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2023இல் ஸ்பீட்பேர்டு அகாடமி என்ற பெயரில் தொடக்கப் பயிற்சியிலிருந்தே முழுச் செலவையும், ஆளுக்குச் சுமார் ஒரு லட்சம் பவுண்டு, தானே ஏற்பதாக அறிவித்தது. பணக்கார வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே விமானி ஆகிறார்கள் என்ற உறுத்தலும் அதற்கு ஒரு காரணம். பத்திரம் என்றதும் பலர் பயப்படுகிறார்கள். நிறுவனம் உண்மையிலேயே செலவு செய்திருந்தால், அதற்கு ஈடாகக் கேட்கும் தொகை நியாயமாக இருந்தால், பத்திரத்தில் தவறில்லை. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றமும் மூன்றாண்டுப் பணி, இல்லாவிட்டால் இரண்டு லட்சம் என்ற நிபந்தனை செல்லும் என்றுதான் சொன்னது. பத்திரத்தில் போட்ட தொகை, நீங்கள் வேலை செய்யச் செய்ய மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

அடுத்தது, நிறுவனம் தேர்வு நடத்தி, உங்களை எடுத்து, நியமனக் கடிதம் கொடுத்துவிட்டு, டைப் ரேட்டிங் செலவை மட்டும் உங்கள் தலையில் வைப்பது. ஐரோப்பாவில் ரயன்ஏர் நீண்ட காலம் இப்படித்தான் செய்தது. இங்கேயும் பெரும்பாலும் இதுதான் நடைமுறை, பன்னிரண்டு முதல் இருபது லட்சம் வரை ஆகும். எனக்கு இது பிடிக்காது. தன் தொழிலுக்குத் தேவையான கருவியைத் தொழிலாளியே வாங்கிவர வேண்டும் என்கிற பழைய தந்திரம்தான். ஆனாலும் இன்றைய சந்தையில் இதற்குக் கட்டலாம் என்றுதான் சொல்வேன். கட்டும் பணத்துக்கு எதிரே எழுத்தில் ஒரு வேலை இருக்கிறது. ஒரே ஒரு இடத்தில் உஷாராக இருங்கள்: செலவையும் உங்களிடம் வாங்கிக்கொண்டு, ஐந்தாண்டுப் பத்திரத்தையும் நீட்டுவார்கள். காசு என்னுடையது என்றால் பத்திரம் எதற்கு என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. டி.ஜி.சி.ஏ. 2017இல் கொண்டுவந்த விதிப்படி கோ-பைலட் விலகுவதற்கே ஆறு மாத முன்னறிவிப்புத் தர வேண்டும், கேப்டனுக்கு ஓராண்டு. அதற்கு மேல் பூட்டு என்பது பேராசை.

விமான நிறுவனத்தோடு ஒட்டிய கேடட் திட்டங்கள் இந்த வகையின் பெரிய அண்ணன். பள்ளிப் படிப்பிலிருந்து எடுத்து, சி.பி.எல்., டைப் ரேட்டிங் எல்லாம் சேர்த்து ஒரு கோடிக்கு மேல் வாங்குவார்கள். நீங்கள் சி.பி.எல். முடித்துவிட்டதால் அதைப் பற்றி இங்கே எழுதவில்லை.

மூன்றாவது, எந்த நிறுவனத்தின் கடிதமும் இல்லாமல், பயிற்சி மையத்தில் நீங்களாகப் போய் வாங்கும் டைப் ரேட்டிங். 2008இல் நான் செய்தது. ஏதாவது ஒரு நிறுவனம் 'டைப் ரேட்டிங் உள்ளவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்' என்று அறிவித்து அடுத்த மாதமே ஆள் எடுக்கிறது என்றால், அப்போது கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சும்மா வாங்கி வைத்துக்கொள்வது வீண்.

உங்களுக்கு வந்திருப்பது நான்காவது. டைப் ரேட்டிங்கோடு சேர்த்துப் பயணிகள் விமானத்தில் உட்காரும் மணி நேரத்தையே விலைக்கு விற்பது. சம்பளம் வாங்க வேண்டிய இருக்கையில் நீங்கள் காசு கொடுத்து உட்காருகிறீர்கள். 300 மணி நேரம் முடிந்ததும் எழுந்து அடுத்த வாடிக்கையாளருக்கு இடம்விட வேண்டும். அந்த நிறுவனத்துக்கு இது இரட்டை லாபம்: ஒரு கோ-பைலட்டின் சம்பளம் மிச்சம், கட்டணத்தில் பங்கும் வருகிறது. அப்படியிருக்க, அது உங்களை நிரந்தரமாக எடுத்தால் அதற்கு நஷ்டம். இந்த ஒரு வரியை அப்பாவுக்குப் படித்துக் காட்டுங்கள். ஜவுளி வியாபாரம் தெரிந்த ஊர்க்காரர், உடனே புரிந்துகொள்வார்.

அமெரிக்காவில் கல்ஃப்ஸ்ட்ரீம் இன்டர்நேஷனல் என்று ஃபுளோரிடாவில் ஒரு சிறிய நிறுவனம் இருந்தது. அதன் பயிற்சிப் பிரிவு, காசு வாங்கிக்கொண்டு, பத்தொன்பது இருக்கை விமானத்தில் கோ-பைலட்டாக 250 மணி நேரம் பறக்க விட்டது. 2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ நகரத்துக்கு வெளியே கோல்கன் ஏர் 3407 விழுந்து ஐம்பது பேர் இறந்தார்கள். அந்த விமானத்தின் கேப்டன் இந்தத் திட்டத்தின் வழியாக வந்தவர். விபத்துக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. வேகம் குறைந்து எச்சரிக்கை வந்தபோது மூக்கைத் தாழ்த்துவதற்குப் பதில் அவர் தூக்கினார் என்பதே விசாரணையில் தெரிந்தது. களைப்பைப் பற்றியும் பேசப்பட்டது. ஆனால் அதன் பிறகுதான் அமெரிக்கா விழித்துக்கொண்டு, பயணிகள் விமானத்தில் கோ-பைலட்டுக்கும் பொதுவாக 1,500 மணி நேரம் வேண்டும் என்று 2013இல் விதி கொண்டுவந்தது. ஐரோப்பாவில் விமானிகள் சங்கங்களின் கூட்டமைப்பு இந்த விற்பனையைத் தடைசெய்யக் கோரி ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்துவருகிறது.

பயிற்சி கேப்டனாக எனக்கு இதில் இன்னொரு சங்கடம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் நிறுவனத்தின் ஊழியர் என்றால், 'இன்னும் தயாராகவில்லை, மேலும் பத்து சவாரி தேவை' என்று எழுத என் கை கூசாது. அவரே வாடிக்கையாளர் என்றால் மேலிடத்திலிருந்து தொலைபேசி வரும். அவருக்கும் இக்கட்டுதான். காய்ச்சல், தூக்கமில்லை, இன்று பறக்க முடியாது என்று சொன்னால் காசு கொடுத்து வாங்கிய மணி நேரம் போய்விடும். சொல்லாமல் வந்து உட்காருவார்.

அந்த 300 மணி நேரத்தோடு ஊர் திரும்பினால் இங்கே மதிப்பு உண்டா என்றால், கொஞ்சம் உண்டு. விண்ணப்பத்தில் ஒரு எண் கூடும். ஆனால் எழுத்துத் தேர்வு, உளவியல் தேர்வு, சிமுலேட்டர் சோதனை எதையும் அது குறைக்காது. 500 மணி நேரம் கேட்கும் நிறுவனத்துக்கு 300ம் பூஜ்யமும் ஒன்றுதான். அந்தப் பயிற்சி அமைப்புக்கு டி.ஜி.சி.ஏ. ஒப்புதல் இல்லையென்றால் உங்கள் இந்திய உரிமத்தில் டைப் ரேட்டிங்கைப் பதிய முடியாமலும் போகலாம்.

கணக்கையும் போட்டுவிடுவோம். 28 லட்சம், 11 சதவீத வட்டி, பத்தாண்டு என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 38,600 ரூபாய். பழைய 40 லட்சத்துக்கு அதே கணக்கில் 55,100. இரண்டும் சேர்ந்து 93,700. வேலை கிடைக்கும்வரை வட்டி மட்டும் கட்டுவதாக வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு ஏழரை லட்சம். வேலை கிடைத்த பிறகும் முதல் சில மாதங்கள் பயிற்சி உதவித்தொகைதான் வரும். இந்தத் தவணையைத் தலையில் வைத்துக்கொண்டு நேர்காணலுக்குப் போகிறவர் எந்த நிபந்தனையிலும் கையெழுத்துப் போடுவார். அது நேர்காணல் நடத்துகிறவர்களுக்கும் தெரியும்.

நீங்கள் அனுப்பிய ஒப்பந்தத்தைப் படித்தேன். பதினான்கு பக்கத்தில் உங்கள் கடமைகள் பதினொன்று. அவர்களுடையது ஒரே வரி: வேலைவாய்ப்புக்கு 'இயன்ற முயற்சி மேற்கொள்ளப்படும்'. விமான நிறுவனத்தின் பெயர் எங்கும் இல்லை, 'கூட்டாளி நிறுவனம்' என்றுதான் இருக்கிறது. முதல் தவணை கட்டிய பிறகு எந்தக் காரணத்துக்காகவும் பணம் திரும்பக் கிடையாது. அந்தக் கூட்டாளி நிறுவனம் திவாலானாலும் கிடையாது. பேச்சில் சொன்னது எதுவும் ஒப்பந்தத்தைக் கட்டுப்படுத்தாது என்று பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வரி. தொலைபேசியில் அந்த மேலாளர் உங்களுக்குக் கொடுத்த வாக்குறுதி அத்தனையையும் அந்த ஒரு வரி துடைத்துவிட்டது.

இந்த 28 லட்சத்தில் பத்தில் ஒரு பங்கை வைத்து வேறு சில வேலைகள் செய்யலாம். உதவிப் பயிற்றுநர் தகுதி எடுங்கள். சம்பளம் குறைவு, வெயில் அதிகம், தங்குமிடம் சுமார்தான். ஆனால் பறந்துகொண்டே இருப்பீர்கள், அதற்கு உங்களுக்குக் காசு வரும். நான் விமானம் ஓட்டக் கற்றது நள்ளிரவுச் சிமுலேட்டரில் என்று சொல்ல மாட்டேன். பக்கவாட்டுக் காற்றில் மாணவன் செஸ்னாவை ஓடுபாதைக்குக் குறுக்கே கொண்டுபோகும்போது எவ்வளவு நேரம் பொறுக்கலாம், எப்போது கையை வைக்கலாம் என்று தினமும் முடிவெடுத்த அந்த இரண்டரை ஆண்டில்தான் கற்றேன். இப்போது பயிற்சி கேப்டனாகவும் அதைத்தான் செய்கிறேன்.

அதோடு, கேப்டனாவதற்குத் தேவையான ஏ.டி.பி.எல். உரிமத்தின் தேர்வுகளை எழுதி முடித்துவிடுங்கள். உரிமம் வாங்க 1,500 மணி நேரம் வேண்டும் என்றாலும் தேர்வை முன்னதாகவே எழுதி வைக்கலாம், நேர்காணலில் கண்ணில் படும். ஏ320 மட்டும்தான் என்று பிடிவாதம் வேண்டாம், ஏ.டி.ஆர். அறிவிப்பு வந்தால் விண்ணப்பியுங்கள். சிமுலேட்டர் சோதனைக்கு அழைப்பு வந்தால், போவதற்கு முன் சொந்தக் காசில் நான்கைந்து மணி நேரம் சிமுலேட்டர் வாடகைக்கு எடுத்துப் பழகுங்கள். அந்தச் செலவுக்கு நான் எப்போதும் சரி என்பேன்.

முன்பணமாக ஐம்பதாயிரம் கட்டிவிட்டதாகக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். ரசீதையும் மின்னஞ்சல்களையும் பத்திரமாக வைத்துக்கொண்டு எழுத்தில் திரும்பக் கேளுங்கள். தராவிட்டால், அதற்காக மீதி இருபத்தேழரை லட்சத்தைக் கட்டப் போக வேண்டாம். அப்புறம், உங்கள் ஐ.ஆர்., அதாவது கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி, எந்தத் தேதியில் முடிகிறது என்று எழுதவே இல்லை. பதினொரு மாதம் என்றால் அநேகமாகப் பக்கத்தில் வந்திருக்கும். அதை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.